கடைசி நாற்காலி வரை

வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்த நாளில் அதை விடுதலை என்றார்கள். பேருந்து நெரிசல் இல்லை, மேலாளரின் முகம் இல்லை, காலுக்குச் செருப்புக்கூடத் தேவையில்லை என்றார்கள். ஜோதி மேரியும் நம்பினாள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கூடமும் ஒரு சமையலறையுமாக இருந்த வாடகை வீட்டில், சமையலறை மூலையில் நின்ற வாஷிங் மெஷின் மேல், நிறுவனம் கொடுத்த லேப்டாப்பை விரித்து வைத்தாள். நான்கு ஆண்டுகள் ஓடின. அந்த நான்கு ஆண்டுகளில் அவள் தன் குரலைத் தொலைத்திருந்தாள்.

தொண்டையில் நோய் ஒன்றும் இல்லை. கணவனுக்கு இரவு வேலை, அவ்வளவுதான்.

ஆரோக்கிய ஜெகன் கடலூரில் ஓர் ஆலையில் எட்டு ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறவன். காலை ஏழரைக்கு வீடு திரும்புவான். குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பான். ஒன்பது மணிக்கு இவளுடைய வேலை தொடங்கும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே கதவு கிடையாது; பழைய திரைச்சீலை ஒன்று தொங்கியது. அந்தத் துணிக்கு அப்பால் ஒரு மனிதன் தூங்க வேண்டும். இப்பால் ஒரு மனுஷி ஊர் ஊராகத் தொலைபேசியில் பேச வேண்டும்.

பேசுவதுதான் அவள் தொழில். புதிதாகக் காப்பீடு எடுத்தவர்களைக் கூப்பிட்டு, விதிகளைப் படித்துச் சொல்லி, 'சம்மதம்' என்ற ஒரு சொல்லை அவரவர் குரலிலேயே பதிவு செய்து வாங்க வேண்டும். கணவன் பெயரில் பாலிசி என்றால் கணவன் குரல். மனைவி பெயரில் என்றால் மனைவி குரல். ஒருவருக்காக இன்னொருவர் சொன்னால் செல்லாது.

முதல் வாரத்தில் அவள் வழக்கம்போலத்தான் பேசினாள். ஜெகன் அதட்டவில்லை. புரண்டு படுத்தான், பெருமூச்சு விட்டான், சிவந்த கண்களோடு எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அது போதுமானதாக இருந்தது. சின்ன வயதில் அப்பா சொன்ன 'மெதுவா பேசு', பள்ளியில் சிஸ்டர் சொன்ன 'மெதுவா பேசு', நிச்சயதார்த்தத்தன்று சித்தி காதோரம் சொன்ன 'மெதுவா பேசு', எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. பெண்ணின் குரல் வாசலைத் தாண்டக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை. அச்சடிக்காத சட்டங்களுக்குத்தான் இந்த நாட்டில் ஆயுள் அதிகம்.

பகலில் மிக்ஸியைத் தொடுவதை விட்டாள். குக்கர் கத்துவதற்கு முன்பே கரண்டியால் விசிலைத் தூக்கி ஆவியை இறக்கிவிடப் பழகினாள். பேச்சு குசுகுசுப்பாயிற்று. மறுமுனையில் இருந்தவர்கள் 'கேக்கலம்மா' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மாதாமாதம் மதிப்பெண் சரிந்தது. பொங்கல் முடிந்த வாரத்தில் கடிதம் வந்தது: வியாழக்கிழமை, தர ஆய்வாளர் சென்னையிலிருந்து அவளுடைய அழைப்பை நேரடியாகக் கேட்பார், நூற்றுக்கு எண்பது வராவிட்டால் வேலை இல்லை.

முன்பு வேலை பார்த்த சிதம்பரம் கிளையில் உட்கார்ந்து பேசலாமா என்று ஜோதி மேரி கேட்டாள். தாராளமாகப் போங்கள், இடம் இருக்கிறது என்று பதில் வந்தது.

"வூட்ல ஒக்காந்தபடியே வேலை. அதை வுட்டுட்டு பஸ் புடிச்சி செதம்பரம் போறேங்கறியே, என்னா பைத்தியமா?" புதன்கிழமை மாலை, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி ஜெகன் கேட்டான்.

"இங்க எனக்குக் கொரலு வர மாட்டேங்குது மாமா."

"நான் என்னிக்காவது பேசாதன்னு சொன்னனா?"

"சொன்னதில்ல."

"அப்பறம்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதையும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பாள். சொல்லி என்ன பயன்? "சாவிய பக்கத்து வூட்ல குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

மறுநாள் அவன் திரும்புவதற்கு முன்பே, ஆறே முக்காலுக்கு, அவள் பேருந்தில் இருந்தாள். மடியில் பெரிய டிபன் கேரியர். ஐந்து பேருக்குப் புளிச்சோறு கிளறியிருந்தாள். காரணம் உண்டு. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பகல் ஒரு மணிக்கு எல்லோருடைய பாத்திர மூடிகளும் கழன்று தட்டுகளாகும். வலப்புறமாக ஒவ்வொரு மூடியும் மேசை மேசையாக நகரும். திரும்பி வரும்போது அதில் ஏழெட்டு வீட்டுச் சமையல் இருக்கும். யார் வீடு, எந்தத் தெரு, எந்தச் சாமி என்று மூடி கேட்டதில்லை. எத்தனை மேடையில் எத்தனை பேர் முழங்கியும் நடக்காத காரியத்தை ஓர் எவர்சில்வர் மூடி சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கை பிரிசில்லா, அழைப்பு நடுவே ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, 'ஜோதி, ஒன் மூடி எனக்குதான்' என்று முன்பதிவு செய்வாள். அந்தக் கூட்டத்தில் சிலராவது இப்போதும் வருவார்கள் என்று நினைத்துத்தான் ஜோதி மேரி விடியற்காலையில் புளி கரைத்திருந்தாள்.

மேல வீதியில் துணிக்கடைக்கு மேல் மாடி. படியேறிக் கதவைத் தள்ளினாள். நாற்பது நாற்காலிகள். மனிதர் என்று ஒருத்தி மட்டும், குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலை பார்க்கும் மாரியம்மாள்.

"யாரு, ஜோதியா? ஐயய்ய, எத்தினி வருசமாச்சி! என்னா, சாமான் எதுனா எடுக்க வந்தியா?"

"வேலைக்கு வந்தேன் மாரியக்கா."

"இங்கயா?" மாரியம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். கண்ணாடி அறைக்குள் பச்சை விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டியைக் காட்டினாள். "நானும் அந்தப் பொட்டியும்தான் இங்க டூட்டி. நீ மூணாவது ஆளு."

"மத்தவுங்க?"

"எல்லாம் அவுங்கவுங்க வூட்டோட."

ஜோதி மேரி தன் பழைய மேசைக்குப் போனாள். மேசையில் தூசி இல்லை, நாற்காலி பளபளத்தது. "யாரும் ஒக்காராத நாக்காலிய எதுக்குக்கா தெனம் தொடைக்கிறீங்க?"

"ஆளுங்கதான் வூட்லேந்து வேலை பாக்குறாங்க. தூசி அப்பிடியா? அது கரெக்டா டைமுக்கு ஆபீசு வந்துடுது." வாளியை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "என்னையும் வூட்லேந்து பாருன்னு சொன்னா நான் என்னா பண்றது? வெளக்கமாத்த மட்டும் பஸ்ல ஏத்தி அனுப்புறதா?"

பதினொரு மணிக்குத் தர ஆய்வாளர் பாலகுமார் இணைப்பில் வந்தார். "நான் பேச மாட்டேன், ஜோதி மேரி. கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பேன். ஆரம்பிங்க."

கம்மாபுரத்தில் ஓர் எண். பாலிசி தைலம்மாள் என்பவர் பெயரில் இருந்தது. எடுத்தது ஓர் ஆண் குரல்.

"வணக்கம். தைலம்மாள் அவங்ககிட்ட பேசலாங்களா?"

"யாரு? கேக்கல."

"காப்பீடு சம்பந்தமா பேசுறோம்ங்க..."

"என்னாம்மா இது, குசுகுசுன்னு! நீ இன்சூரன்ஸா, இல்ல ஓ.டி.பி. திருடுற கும்பலா? வைய்யி போன!"

தொடர்பு அறுந்தது. பிறகு பாலகுமார் கேட்டார்: "ஆபீசுக்குப் போறேன்னீங்களே, போகலியா?"

"ஆபீஸ்லதான் சார் இருக்கேன்."

"அப்ப அங்க யாரு தூங்குறாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தொன்பது நாற்காலிகள், முதுகைக் காட்டிக்கொண்டு.

"யாரும் தூங்கல சார். யாருமே இல்ல."

"மூணு மணிக்கு அதே நம்பருக்குத் திரும்பப் போடுங்க. அதான் கடைசி. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். கேட்க ஆளில்லாத கூடத்தில், எழுப்பிவிட ஒருவரும் இல்லாத பகல் வெளிச்சத்தில், எதற்காக அவள் குசுகுசுத்தாள்? வீட்டை விட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டாள். வீடு அவளை விட்டு ஓரடியும் நகரவில்லை. திரைச்சீலையைச் சுருட்டித் தொண்டைக்குள் வைத்துக்கொண்டே பேருந்து ஏறியிருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு டிபன் கேரியரைத் திறந்தாள். மாரியம்மாள் வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"நாக்காலில ஒக்காருங்கக்கா."

"வேணாம்மா. ஒம்பது வருசமா இதுங்கள தொடைக்கிறேன். ஒக்காந்ததில்ல."

"ஏன், யாராவது ஒக்காரக் கூடாதுன்னாங்களா?"

"யாரு சொன்னா? யாரும் சொல்லல." மாரியம்மாள் தன் தூக்குச் சோற்றைப் பிசைந்தாள். "ஒக்காருன்னும் யாரும் சொல்லல."

ஜோதி மேரி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். வலப்புறம் நகர்த்தினால் வாங்க ஆளில்லை என்று அதுவரை தனக்காக மட்டும் வருந்திக்கொண்டிருந்தவள், இந்த மூடி ஊர்வலம் நாள்தோறும் சுற்றி வந்த காலத்திலும் சுவரோரத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. மூடியில் புளிச்சோறு வைத்து மாரியம்மாளிடம் நீட்டினாள்.

கை கழுவியதும் சொன்னாள்: "மாரியக்கா, எனக்கு ஒரு ஒதவி. அந்தக் கடைசி நாக்காலில போய் ஒக்காருங்க. நான் இங்கேந்து பேசுறேன். கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

மாரியம்மாள் முந்தானையில் கை துடைத்து, நாற்காலியையும் ஒரு தடவை துடைத்து, விளிம்பில் உட்கார்ந்தாள். ஜோதி மேரி நின்றுகொண்டு தொடங்கினாள்.

"கேக்கல."

மறுபடியும்.

"ஒதடு ஆடுது. டிவில சவுண்ட கொறச்சாப்புல இருக்கு."

மறுபடியும். இருமினாள். நான்கு ஆண்டுகளாகப் பூட்டிய கதவு, கீல் துருவேறிக் கிடந்தது. "கேக்கல... இன்னும் கேக்கல... என்னாத்துக்கு என்னைப் பாத்து பயப்படுற? நான் என்னா ஒன் மாமியாரா?"

அந்தக் கேலிக்கு வந்த சிரிப்பில்தான் குரல் உடைந்து வெளியே வந்தது. "வணக்கம்! காப்பீட்டு நிறுவனத்துலேந்து ஜோதி மேரி பேசுறேன்!" சொற்கள் நாற்காலிகளுக்கு மேலாகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பின. தன் குரல் இவ்வளவு கனமானது என்பதையே அவள் மறந்திருந்தாள்.

"கேக்குது" என்றாள் மாரியம்மாள். "கீழ துணி எடுக்க வந்தவுங்களுக்கும் கேட்டிருக்கும்."

ஒரு மணிக்கு மாரியம்மாள் அடுத்த வேலைக்கு, லாட்ஜுக்குக் கிளம்ப வேண்டும். போகும்போது அந்தக் கடைசி நாற்காலியை ஜோதி மேரியைப் பார்த்தாற்போலத் திருப்பிப் போட்டாள். "நான் இருக்கறதா நெனச்சிக்கோ."

மூன்று மணி. கம்மாபுரம். அதே ஆண் குரல்.

"வணக்கம்ங்க. நான் ஜோதி மேரி. தைலம்மாள் அவங்க எடுத்த பாலிசி விசயமா பேசுறேன்." கண்கள் கடைசி நாற்காலியில் இருந்தன.

"ஓ, நெசமாவே இன்சூரன்ஸ்தானா? நான் அவ வூட்டுக்காரன், உத்திராபதி. சம்மதம். எழுதிக்க."

"நீங்க சொன்னா செல்லாதுங்க. பாலிசி அவங்க பேர்ல இருக்கு. அவங்க குரல்ல அவங்களே சொல்லணும்."

"அவ போன்ல எல்லாம் பேச மாட்டா. கூச்சம்."

"நான் காத்திருக்கேங்க. குடுங்க."

முணுமுணுப்பு, வளையல் சத்தம், பிறகு ஒரு மூச்சு. ஜோதி மேரி விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். "சம்மதமாம்மா?"

"ம்."

"ம் போதாதும்மா. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாக்காதீங்க. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஏம்மா, நான் செத்தா இவருக்குப் பணம் வரும், சரி. நான் உசுரோட இருந்தா எனக்கு என்னா?"

இந்த வேலையில் ஜோதி மேரியிடம் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி. ஏட்டைப் புரட்டாமல் சொன்னாள்: "ஆஸ்பத்திரில படுத்தீங்கன்னா மருத்துவச் செலவு உங்க பேர்லயே வரும்மா. யார்கிட்டயும் கேக்க வேணாம்."

"அப்ப சம்மதம்." இம்முறை நன்றாகக் கேட்டது. "எனக்கு சம்மதம்!"

பாலகுமார் இணைப்பில் வந்தார். "எண்பத்தாறு. காலையில பேசினது நீங்கதானா? சரி, இனி வீட்லேந்தே இப்படிப் பேசுங்க. பிரச்சனை முடிஞ்சுது."

"இல்ல சார். நான் இங்கயே வர்றேன்."

"ஒத்த ஆளுக்கு ஒரு மாடியா? மார்ச்சோட அந்த இடத்தைக் காலி பண்றாங்க."

"மார்ச் வரைக்கும் வர்றேன்."

நல்ல செய்தியைச் சொல்ல யாராவது வேண்டியிருந்தது. பழைய அலுவலகத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் 'பாஸ் பண்ணிட்டேன்' என்று எழுதினாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து பிரிசில்லா ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். இன்னும் நான்கு கட்டைவிரல்கள் வந்தன. தோளைத் தொட ஒரு கை வரவில்லை.

நாலு மணிக்கு ஜெகன் அழைத்தான்.

"தூக்கமே வரல ஜோதி."

"ஏன் மாமா? வூட்லதான் சத்தமே இல்லையே?"

"அதான். நாலு வருசமா தெரைக்கு அந்தாண்ட நீ முணுமுணுத்துனு இருப்பே. அது இல்லாம என்னமோ யாரும் இல்லாத வூட்ல படுத்தாப்புல..." நிறுத்தினான். "ஆமா, நீ என்னாத்துக்கு இப்பிடிக் கத்துற?"

"கத்தல மாமா. பேசுறேன். இதான் என் கொரலு."

மறுமுனையில் பாய் சுருட்டும் சத்தம் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "எப்ப வருவே?"

"எட்டு ஆயிடும்."

"நான் ஏழு மணிக்கே கெளம்பணும்."

"தெரியும்."

"காலையில நான் வர்றப்ப?"

"நான் பஸ்ல இருப்பேன்."

ஒரே வீடு, ஒரே சாவி. மார்ச் வரை வார நாட்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போவதில்லை. இருவரும் இதை ஒரே நேரத்தில் கணக்கிட்டு முடித்தார்கள். 'சரி, நாளையிலிருந்து வீட்டிலேயே இருக்கிறேன்' என்ற சொற்கள் அவள் நாக்கு வரை வந்தன. பழக்கப்பட்ட வழி அல்லவா, எளிதாக வந்தன. எதிரே, திருப்பிப் போட்ட நாற்காலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஜெகன் ஏதோ சொன்னான். வாய்க்குள்ளேயே சொன்னான்.

"கேக்கல மாமா. சத்தமா சொல்லு."

"ராத்திரிக்கு சோறு ஆக்கி மூடி வெச்சிட்டுப் போறேன்னேன்."

"ஒனக்கு ஒல வெக்கத் தெரியுமா?"

"போன வைக்காத. சொல்லு, செய்றேன். அரிசிக்குத் தண்ணி எவ்ளோ?"

ஜோதி மேரி சொல்லத் தொடங்கினாள். ஒன்றுக்கு மூன்று, அடுப்பைக் குறைக்காதே, விசிலைக் கரண்டியால் தூக்காதே, கத்தட்டும் விடு என்றாள். யாருமில்லாத அந்தக் கூடத்தில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கடைசி நாற்காலி வரை கேட்டது.