மூலை கருகிய கடிதம்

தபால் கந்தோருக்குப் போய்வரும் முறை அந்த வாரம் என்னுடையது. திங்கட்கிழமை மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு போய், எங்கள் விடுதிக்கு வந்திருந்த மூன்று கடிதங்களை வாங்கினேன். ஒன்று பாதிரியாருக்கு. ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து சுந்தரலிங்கத்துக்கு. மூன்றாவது கறுப்பையாவுக்கு. அதன் ஒரு மூலை கருகியிருந்தது.

எங்கள் சனங்களிடம், கடிதத்தைப் பிரிக்கும் முன்பே அதன் மூலையைப் பார்க்கும் வழக்கம் உண்டு. மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம். கரி பூசியிருந்தாலோ நெருப்பில் காட்டியிருந்தாலோ சாவு. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. உரியவன் கிணற்றடியில் நின்று படித்து, கிழித்துப் போட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் கூரைக்குக் கீழே வரலாம்.

கறுப்பையாவுக்குச் சாவுக் கடிதம் வருவதென்றால் அது ஒருத்தியைப் பற்றித்தான் இருக்க முடியும். உலகத்தில் அவனுக்கு இருந்தது அம்மா மட்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் திரும்பிப் போகிறவள் பாலம்மா. புருஷன் மலையிலேயே காய்ச்சலில் செத்த வருஷம், மகனைக் கண்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். அதற்குப் பிறகு ஆறு வருஷமாக அவள் வரவில்லை. இப்போது அந்தப் பக்கம் தாது வருஷத்துப் பஞ்சம். கண்டி வழியாகப் போகிற கூலிக் கூட்டங்களைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட பஞ்சம் என்று தெரிந்தது. சிறு பிள்ளைகளே இல்லாத கூட்டங்களாக வந்துகொண்டிருந்தன.

எங்கள் விடுதி முன்பு ஒரு காப்பிக் கிட்டங்கி. இலைநோய் வந்து தோட்டம் படுத்துவிட, துரை அதை மிஷனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். மேல்தட்டில் நாங்கள் பதினொரு பேர் பாய் விரித்துப் படுத்தோம். மழை பெய்தால் பலகைகளிலிருந்து பழைய காப்பித் தோலின் புளித்த வாசனை கிளம்பும். கொட்டை காயவைத்த சுண்ணாம்புத் தளத்தில்தான் காலையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நடப்போம். எல்லோருக்கும் ஒரே கனவு. பரீட்சை தேறினால் ஏதாவது ஒரு தோட்டத்தில் உபாத்தியாயர் வேலை, அதோடு ஒரு தனி அறை. கறுப்பையாவின் கனவில் அந்த அறையில் இரண்டு பாய்கள் இருந்தன. பரீட்சை மறுநாள் செவ்வாய்க்கிழமை தொடங்கி வியாழன் மத்தியானம் முடிவதாக இருந்தது.

சுந்தரலிங்கத்தைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினேன். அவன் வாங்கக் கையை நீட்டினான். மூலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

“தாய் மனுசிதானே?” என்றான்.

“வேற யாரு இருக்கா அவனுக்கு?”

“இப்ப குடுத்தா நாளைக்குப் பரீட்சைக்கு இருக்க மாட்டான். மொட்டை அடிச்சுக்கொண்டு பதினாறு நாள் குந்தியிருப்பான்.”

“போன வருஷம் வேலு அப்படித்தானே பரீட்சைய விட்டுட்டுப் போனான். இப்ப கட்டுகஸ்தோட்டையில வண்டி அச்சுக்கு மசகு போடுறான்.”

சுந்தரலிங்கம் கடிதத்தைக் காட்டினான். “உடைச்சுப் பாப்பமே. பாத்திட்டு முடிவெடுப்பம்.”

“அடுத்தவன் வீட்டு எழவை நாம பிரிக்கிறதா? ஒனக்கு அறிவிருக்கா?”

“ஓமடாப்பா, எனக்கு அறிவில்லை. நீ பெரிய பண்டிதர். உள்ள என்ன இருக்கெண்டு தெரியாமல் ஒளிக்கிறதுக்கு எவ்வளவு அறிவு வேணும்?”

அவன் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தக் கருகிய மூலையை விரலால் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. செத்தவள் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருப்பாள், பரீட்சை காத்திருக்காது என்று நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடிதத்தை ஓலைத் துண்டில் சுற்றி, தளத்துச் சுவரின் வெடிப்பில் செருகினேன். அதில் ஏதோ கந்தக நெடி அடித்தது. அதைப் பற்றியும் நான் யோசிக்கவில்லை.

பரீட்சை நாட்களில் ஆளுக்கொரு முட்டை கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை என் முட்டையைக் கறுப்பையாவின் தட்டில் வைத்தேன். சுந்தரலிங்கமும் வைத்தான். கறுப்பையா மூன்று முட்டைகளையும் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

“என்னாடா, ரெண்டு பேரும் எனக்குச் சீமந்தமா நடத்துறீங்க?”

“பேசாமல் தின்னடா,” என்றான் சுந்தரலிங்கம். “உனக்குத்தான் கணக்கு வராது.”

“எனக்குக் கணக்கு வராதா? நேத்து ராத்திரி வட்டிக் கணக்கு யாருகிட்டக் கேட்ட நீ?” கறுப்பையா சிரித்துக்கொண்டே ஒரு முட்டையை உடைத்தான். “எனக்கு வேல கெடைக்கட்டும். ரெண்டு பேரும் தோட்டத்துக்கு வாங்க. எங்க அம்மா கருப்பட்டி போட்டுக் காப்பித்தண்ணி வைக்கும். நாலு நாளைக்கு நாக்குல நிக்கும்.”

சுந்தரலிங்கம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் துரைக்கு முன்னால் ஆளுக்கொரு பாடம் நடத்த வேண்டும். கறுப்பையாவுக்குப் பூகோளம் விழுந்தது. கரும்பலகையில் மன்னாரையும் இராமேஸ்வரத்தையும் போட்டு, இடையில் கடலை வளைத்து வரைந்தான். இதைத் தாண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று துரை கேட்டார்.

“காத்து நல்லா இருந்தா ஒரு பகல், ஐயா. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நடக்கிறதுதான் நாள் எடுக்கும்,” என்றான் கறுப்பையா.

துரை சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். நல்ல புள்ளிதான் என்று எங்களுக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வியாழன் மத்தியானம் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனை, கிணற்றடிக்கு வா என்றேன். சுந்தரலிங்கம் அங்கே வாளியில் தண்ணீர் இறைத்து வைத்து, தோளில் ஒரு துண்டோடு நின்றான். கறுப்பையா வாளியைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

“யாரு?” என்றான்.

நான் கடிதத்தைக் கொடுத்தேன். மூலையைக் கண்டதும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டான். பிரிக்க அவனுக்கு நேரம் ஆயிற்று. முதல் வரியைப் படித்தான். பிறகு, நாங்கள் இரண்டு பேரும் பயந்துபோகும்படி, சிரித்தான்.

“சாவு இல்லடா. அம்மாதான் எழுதியிருக்கு. மாத்தளையில இருக்கு.”

உரக்கப் படிக்கத் தொடங்கினான். யாரோ எழுத்தர் கையெழுத்து.

“மகன் கறுப்பையாவுக்கு அம்மா பாலம்மா எழுதிக்கொள்வது. கடல் தாண்டி வந்துவிட்டேன். வழியில் வாந்திபேதி இருந்தபடியால் எங்களை மாத்தளைக் கொட்டிலில் மறித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை காலையில் கொட்டிலைத் திறப்பார்களாம். உறவுக்காரர் வந்து கேட்டால் கூட அனுப்புவார்களாம். கேட்க ஆள் இல்லாதவர்களைக் கங்காணிமார் பிரித்துக்கொண்டு போவார்களாம். எந்த மலை என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் நீ வியாழன் விடியுமுன் வா. வெறும் வயிற்றோடு நடக்காதே.”

கடைசி வரியை அவன் உரக்கப் படிக்கவில்லை. பிறகு நானே வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“இன்னைக்கு வியாழக்கெழம,” என்றான். “இது எப்ப வந்துச்சு?”

சுந்தரலிங்கம் என்னைப் பார்த்தான்.

“திங்கக்கெழம,” என்றேன்.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கிணற்றைச் சுற்றிக்கொண்டு மாத்தளை றோட்டை நோக்கி ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். பாதிரியாரின் அனுமதி இல்லாமல் விடுதியை விட்டு ஒரு இரவு வெளியே இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள். “பாதிரியாருக்கு நான் சொல்லுறன், நீங்கள் ஓடுங்கோ,” என்று சுந்தரலிங்கம் கத்தியது கேட்டது.

மஹய்யாவ தாண்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, ஓடியும் நடந்தும் போனோம். அக்குறணைக்குப் பக்கத்தில் காப்பி மூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு போன மஹ்மூத் நானா என்ற முஸ்லிம் வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னதும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

“கொட்டிலுக்குக் கிட்ட வண்டி வராது மகன். ஊட்டுல புள்ளகுட்டி ஈக்கிது. டவுன் எல்லை மட்டும் உடுறேன்.”

வழி முழுதும் கறுப்பையா என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, மஹ்மூத் நானாவிடம், “மாடு இதுக்கு மேல வேகமாப் போகாதா நானா?” என்று கேட்டான். அவர் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கம்பைக் கீழே வைத்து, மாட்டோடு ஏதோ மெல்லப் பேசினார். அது கொஞ்சம் வேகமாகத்தான் போயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு வெளியே, ஆற்றோரத்தில் நீளமான ஓலைக் கொட்டில். உள்ளே யாரும் இல்லை. இரண்டு ஆட்கள் தரையில் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பாய்களும் கந்தல்களும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு மேசைக்குப் பின்னால் இராமையா என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். வாயில் துணி கட்டியிருந்தார். மேசைக்குக் கீழே ஒரு சட்டியில் நெருப்பும், பக்கத்தில் கந்தகக் கட்டியும் இருந்தன. அன்று போகிற கடிதங்களை ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்து அந்தப் புகையில் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கடிதத்தின் ஓரம் தீப்பற்றியது. ஊதி அணைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“எல்லாக் கடுதாசியையும் இப்படியா?” என்று கேட்டேன்.

“நோய் கடுதாசியோட போயிரக் கூடாதுன்னு டாக்டர் தொர உத்தரவு. சில நேரம் மூல கருகித்தான் போகுது. என்னா செய்ய?”

கறுப்பையா அம்மாவின் பெயரைச் சொன்னான். இராமையா தடித்த புத்தகத்தை எடுத்து விரலால் தேடிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றது விரல். பிறகு இன்னொரு இடத்தில். பிறகு இன்னொன்றில்.

“மூணு பாலம்மா இருக்கு தம்பி. மூணுக்கும் ஊரு இராமநாதபுரம் சீமை. மூணுக்கும் வயசு நாப்பதுன்னு போட்டுருக்கேன். பாக்க எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க.”

“எங்க அம்மா எனக்குக் கடுதாசி எழுதச் சொன்னிச்சு. நீங்கதான் எழுதியிருப்பீங்க.”

இராமையா வாயிலிருந்த துணியை இறக்கினார். “கண்டி மிஷன் பள்ளிக்கூடமா? ஞாபகம் இருக்கு. திங்கக்கெழம வந்து, கடுதாசி போயிருச்சான்னு கேட்டிச்சு. செவ்வாக்கெழம வந்து, கைக்குக் கெடைச்சிருக்குமான்னு கேட்டிச்சு.”

“புதன்?”

“புதன்கெழம கேக்கல.”

அவர் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு பாலம்மா, கிழக்கு மலைக்குப் போன கங்காணியோடு. ஒரு பாலம்மா, தெல்தெனியப் பக்கம் போன கங்காணிமாரில் ஒருவரோடு. ஒரு பாலம்மாவின் மேல் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் புதன்கிழமைத் தேதி. யார் எந்தப் பாலம்மா என்று அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை ஒன்பது பேர் செத்தார்கள். அப்படியிருந்தும், பறிப்புக்கு ஆள் வேண்டுமென்று கொட்டிலைச் சொன்னபடியே வியாழன் திறந்துவிட்டார்கள். அவர் நாள் முழுவதும் குழிக்கரையில் சுண்ணாம்புக் கணக்கு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

கறுப்பையா அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தான். பிறகு மற்ற இரண்டு பெயர்களின் மேலும் வைத்தான். அழக்கூட அவனுக்கு வழியில்லாமல் போயிற்று. அழுதால் அவள் செத்துவிட்டதாக ஆகிவிடும் என்று பயந்தான் போல.

அன்றிரவு கடை வாசல் ஒன்றில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் றோட்டுக்கு வந்தோம். மூன்று நாட்களாக நான் யோசித்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எதற்கும் இப்போது பயனில்லை.

“நான் கெழக்கு மலைக்குப் போறேன்,” என்றான்.

“நானும் வர்றேன்.”

“நீ வராத. நீ கூட வந்தா ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நடக்கணும்.”

“அப்ப நான் தெல்தெனியாவுக்குப் போறேன்.”

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுந்தரலிங்கம் என்ன சொல்லியிருந்தாலும், விடுதியில் எங்கள் இரண்டு பெயர்களும் இந்நேரம் வெட்டப்பட்டிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

“எப்படி இருப்பாங்க?” என்று கேட்டேன்.

“ஆறு வருஷமாச்சு. இப்ப எப்படின்னு தெரியல. எடது காது கிழிஞ்சிருக்கும். தண்டட்டி போட்டுக் கிழிஞ்சது.”

அதைச் சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

நான் தெல்தெனிய மலைகளில் ஐந்து தோட்டங்கள் ஏறி இறங்கினேன். சில இடங்களில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆறாவது தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்களைப் பெரட்டுக்கு நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். பறிப்புக் காலத்தில் அங்கே ஞாயிறும் வேலைநாள்தான். மூன்று நாளுக்கு முன்னால் மாத்தளைக் கொட்டிலிலிருந்து வந்த கூட்டம் தனியாக, கறுப்புக் கம்பளிகளால் தலையை மூடிக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றது. கங்காணியிடம் கெஞ்சிக் கேட்டேன். கூப்பிட்டுப் பார் என்றார்.

“பாலம்மா,” என்று கூப்பிட்டேன். “மகன் கறுப்பையா. கண்டி மிஷன்ல படிக்கிறவன். அவன் தேடுறான். எடது காது கிழிஞ்சிருக்கும்.”

ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள்.

“நீங்க பாலம்மாவா?”

“பாலம்மா எங்கூட வரல தம்பி. எந்தக் கூட்டத்தோட போனாளோ, என்னா ஆனாளோ. எம் பேரு மூக்காயி,” என்றாள். “அந்தப் புள்ளைக்கு அம்மா வேணும்னா நான் வர்றேன். பாலம்மான்னே எழுதிக்கங்க.”

அவள் கம்பளியை விலக்கி, கிழியாத இரண்டு காதுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் திருப்பிக் காட்டினாள்.