முனி கல்லுக்கு அடிக்காத மருந்து

அறுபத்திரண்டாம் வருடம் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. முதுகில் டாங்கியை மாட்டிக்கொண்டு அவன் நடந்தால் துரையே வழிவிட வேண்டும் போலிருக்கும். தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு அவன் அடித்த மருந்தில் ஒழிந்தது. ஆனால் அடுத்த மாதமே இலைசுருட்டிப் புழு பெருகி மலை முழுவதும் மென்று தீர்த்தது. முனிசாமியாக எல்லோரும் கும்பிடும் முனி கல்லைச் சுற்றியிருந்த செடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன.

அதைப் பார்த்த வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அமிர்தநாதன் கொதித்தார்.

"இங்க மட்டும் ஒழுங்கா அடிச்சிருக்கே. மத்த மருந்தையெல்லாம் ஓடையில ஊத்திட்டியா? நாளைக்குப் பெரட்டுல துரைகிட்ட சொல்லி உனக்குப் பத்துச்சீட்டுத்தான்!"

பத்துச்சீட்டு கிழித்தால் வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். மலை முழுக்க ஒரு செடி விடாமல் அடித்த கந்தப்பன், அடிக்காமல் விட்டதே அந்த இடத்தைத்தான். கொழுந்துக்காரிகள் முதல் பிடிக் கொழுந்தை அந்தக் கல்லில்தான் வைப்பார்கள். முனிக்கு விஷத்தைப் படைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றிரவு அதைக் கேட்ட மனைவி அம்மாக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிச்ச எடத்துக்குத் திட்டு, அடிக்காத எடத்துக்கு மெச்சலா? உங்க ஜாதகமே தனிங்க. போயி உள்ளதச் சொல்லிருங்க."

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், புழுவைப் பார்க்க வந்திருந்த ஆராய்ச்சி ஐயாவும் துரையோடு நின்றார். கந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"முனி கல்லுப் பக்கம் நான் அடிக்கவே இல்லீங்க. பயந்துட்டேங்க."

ஆராய்ச்சி ஐயா திட்டவில்லை. அவனைக் கல்லடிக்கே கூட்டிப்போய், இலை மேல் உட்கார்ந்திருந்த கொசு மாதிரி ஒன்றைக் காட்டினார்.

"இந்தக் குளவிதான் புழுவைக் கொல்லுது. நீ அடிச்ச மருந்து வண்டோட இதையும் கொன்னுடுச்சு. இங்க மட்டும் தப்பிச்சிருக்கு."

குளவி என்றதும் கந்தப்பன் ஓடத் தயாரானான். மலையில் அதுதான் வழக்கம்.

"நில்லுப்பா, இது கொட்டாது. புது மருந்து ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இலையத் தின்கிற புழு சாகும். இலை தின்னாத குளவி பிழைச்சுக்கும்."

"ஆளு பாத்துக் கொல்ற மருந்துங்களா!"

அதை அடித்துப் பார்க்க, உள்ளதை மறைக்காத ஆள்தான் வேண்டுமென்று அவர் துரையிடம் கந்தப்பனையே கேட்டார். துரையும் சரி என்றார். கண்டாக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கந்தப்பன் லயத்துக்கு ஓடினான். வாசலில் சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. மூட்டையின் மேல் அம்மாக்கண்ணு அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூட்டையை அவிழ்த்தாள்.

"நேத்து அந்தச் சிரிப்புச் சிரிச்சே. என்னைய நம்பலியா, புள்ள?"

"உங்கள நம்புனேங்க. தோட்டத்தத்தான் நம்பல."