காற்று திரும்பிய சாயங்காலம்

ஊரில் கொண்டாட்டம் என்றால் தெருவுக்குத் தெரு பட்டாசு வெடிப்பார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் கட்டில் போதாது. அந்த வார்டின் தலைமை நர்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே இடத்துல பார்க்கிற மாதிரி பொதுவா ஒரு வாணவேடிக்கை நடத்துங்களேன்" என்று நகர மன்றத்தில் போய்ச் சொன்னாள். "நல்ல யோசனை, நீங்களே நடத்துங்க" என்று பொறுப்பை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

வாணம் விடுவதற்கு வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய கொழுந்தனுக்கு அதுதான் தொழில். விளையாட்டு மைதானத்தின் நடுவில் மணல் மூட்டைகளை அடுக்கி, இரும்புக் குழாய்களை அசையாமல் நிறுத்தினான். சுற்றிலும் தள்ளிக் கயிறு கட்டியாயிற்று. தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது. கிழக்குக் கோடியில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, வாடகை நாற்காலிக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கொழுந்தன் ஒரு ஈரச்சாக்கைக் கொளுத்திப் புகை போட்டான். புகை கொஞ்சம் தடுமாறிவிட்டு நேராக நாற்காலிகள் பக்கம் போயிற்று.

"அண்ணி, காலையில இருந்த காத்து இல்ல இது. பொறியெல்லாம் ஜனங்க தலையிலதான் விழும்."

"காத்து மறுபடி திரும்புமா தம்பி?"

"அதை நம்பி நான் திரி கொளுத்த மாட்டேன்."

"அப்ப நாற்காலியைத் திருப்பி அந்தப் பக்கம் போட்டுருவோம்."

அதற்குள் பாதி நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்தாயிற்று. நாற்காலிக்காரரோ, "ஒரு தடவை இறக்கிப் போடுறதுதான் பேச்சு. தூக்கிட்டு அலையுறதுக்கு எங்கிட்ட ஆள் இல்லம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

நர்ஸ் மைக்கைப் பிடித்தாள். வார்டில் அதட்டிப் பழகிய குரல்.

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது. இங்க உட்கார்ந்தா நெருப்புப் பொறி மேல விழும். தயவுபண்ணி அவங்கவங்க நாற்காலியைத் தூக்கிட்டு மேற்குப் பக்கம் வாங்க."

யாரும் அசையவில்லை. முன்வரிசையில் இடம் பிடித்தவர்கள் காது கேளாதவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்தார்கள். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பின்னால் யாரோ, "இதுக்கு வீட்டு வாசலிலேயே வெடிச்சிருக்கலாம்" என்றார்.

அப்போது அவள் புருஷன் எழுந்தார். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷன் என்று சொந்தபந்தம் முழுக்கப் பெயர் வாங்கியவர். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

"யாரு, எங்க மாமாவா அது!" என்று அவருடைய மச்சினி வாய்விட்டுக் கத்தினாள். அந்த வரிசையே சிரித்தது. அவர் திரும்பிப் பார்க்காமல், "வேடிக்கை அங்கதான். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே வாங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். அவர் பின்னால் தையற்கடைக்காரியும் அவள் பிள்ளைகளும். பிறகு ஒரே சரசரப்பு. முன்வரிசைக்காரர்கள் கடைசியில் தூக்கியதால் கடைசி வரிசைக்குப் போனார்கள். நாற்காலிக்காரரே வெட்கப்பட்டு நாலைந்தை அடுக்கித் தூக்கினார். பழைய இடத்தில் ஒருவர்கூட நிற்காதபடி அந்தப் பக்கமும் கயிறு கட்டியபிறகுதான் அவள் கொழுந்தனுக்குக் கை காட்டினாள்.

வாணங்கள் ஏறின. பச்சையும் சிவப்புமாக விரிந்து, நூல் நூலாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் 'ஓ' என்றது. காலியான கிழக்குப் பக்கத்தில் அங்கங்கே புல் கருகியது. தீயணைப்புக்காரர் ஒருவர் அவசரமில்லாமல் போய்த் தண்ணீர் அடித்தார்.

முடிந்ததும் ஜனங்கள் எழப்போனார்கள். கொழுந்தன் தூரத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஒரு குழாயில் வாணம் வெடிக்கவில்லை.

"யாரும் எழுந்திருக்காதீங்க. ஒரு வெடி பாக்கி இருக்கு. அதை நனைச்சு எடுக்கிற வரைக்கும் கதை பேசிக்கிட்டிருங்க" என்றாள் மைக்கில்.

முணுமுணுப்பு எழும் என்று நினைத்தாள். எழவில்லை. எது நன்றாக இருந்தது, எது ரொம்ப மேலே போயிற்று என்று கூட்டம் கலகலவென்று பேசத் தொடங்கியது. புருஷன் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்றார்.

"நாற்காலி தூக்கினதாலயா?"

"அண்ணாந்து பார்த்ததால."

காலையிலிருந்து அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் வைத்தாள். கொழுந்தன் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு போய்க் குழாயில் தண்ணீரை நிரப்பிவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினான். போகலாம் என்று அறிவிக்க வேண்டும். அவளுக்கு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. பக்கத்தில் பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.