கோட்டைக் கதவைத் திறந்த கை

அப்பாவின் மணிக்கட்டை பானுப்ரியா இரண்டு கைகளாலும் பிடித்து, சீட் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தினாள்.

"கையத் தூக்காதீகப்பா!"

"நான் எங்க தூக்குறேன்? அதுவா போகுது" என்றார் தங்கமுத்து, பரிதாபமாக.

திரையில் ஒருவன் கோட்டைக் கதவை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போனான். இடுப்பில் சாவிக்கொத்து. சரித்திரப் படம் என்றுதான் பழனிக்குமார் சொன்னான். துரோகி வருவான் என்று சொல்லவில்லை, பாவி! ஓரத்து சீட்டில் நிம்மதியாக பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பானுவுக்கும் நடுவில் அவன் அம்மா ராமுத்தாய். பெண்ணையும் சம்பந்தியையும் பார்க்கவென்றே வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

தட்டைக் கொடுக்க வேண்டியது அப்பாவின் கை. அங்கேதான் சிக்கல்.

சாணார்பட்டி பக்கம் அவர்கள் கிராமத்தில் ஆடித் திருவிழாவின் கடைசி நாள் கோட்டைச் சண்டை நடக்கும். தென்னங்கீற்றிலேயே மலைக்கோட்டை எழும்பிவிடும். வெள்ளைக்காரத் துரையாக வருபவர் மட்டும் வெளியூர் ஆள். யாரென்று கேட்கக்கூடாது என்பது வழக்கம். முகம் முழுக்க அரிசிமாவும் காதுவரை இறங்கிய தொப்பியுமாக வாய் திறக்காமல் வருவார். காவல்காரன் கதவைத் திறந்து சாவியை அவரிடம் கொடுத்ததுதான் தாமதம், அழுகின தக்காளி கூடை கூடையாக அவன் மேல் பறக்கும். அத்தோடு விட்டால் தேவலை. அந்த வேஷம் கட்டியவன் கையால் சுற்றுப்பட்டியில் எவரும் தாம்பூலம் வாங்க மாட்டார்கள். வாங்கினால் குடும்பம் உடைந்துவிடுமாம்!

பல வருஷமாக அந்தக் காவல்காரன் தங்கமுத்துதான். பானு ராமுத்தாயிடம் போனில் சொல்லி வைத்திருந்ததோ, "எங்கப்பாதான் தளபதி வேஷம், அத்தை!"

கதவு கிறீச்சிட்டது.

"டேய், தொறக்காதடா!" தியேட்டரே அலறியது.

பானுவின் பிடி நழுவியது. அப்பாவின் இரு கைகளும் முகத்தை மறைத்தன. உடம்பு சுருண்டது.

"கண்ணுல மட்டும் எறியாதீகப்பா!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, பெருசு மெரண்டுருச்சுடோய்!"

ராமுத்தாய் திரும்பினாள். தங்கமுத்துவை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்தாள்.

"செத்த வெளிய வாங்கண்ணே. நீயும் வா, பானு."

"என்னம்மா?" என்று எழப்போனான் பழனிக்குமார்.

"நீ படத்தப் பாருடா."

போச்சு. எல்லாம் போச்சு. கேன்டீன் வெளிச்சத்துக்கு வந்ததும் பானு முந்திக்கொண்டாள்.

"அத்தை, பொய் சொன்னது நான். அப்பாவ ஒண்ணும் சொல்லிறாதீக."

"பொய்னு அன்னைக்கே தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." ராமுத்தாய் தங்கமுத்து பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கெழமை தட்ட நீங்கதேன் குடுக்கணும், அண்ணே."

தங்கமுத்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "வேணாம் தாயி. இந்தக் கையால எதையும் வாங்காதீக. பிள்ளைக நல்லா இருக்கணும்."

"மூணு வருசமா வாங்கிட்டுத்தான இருக்கேன்? என்ன ஒடைஞ்சு போச்சு?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமுத்தாய் சுற்றுமுற்றும் நோட்டம் விட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூட்டு தேஞ்சதுலருந்து அவருக்குப் பதிலா மாவப் பூசித் தொப்பியப் போட்டுக்கிட்டு வர்ற தொரை நாந்தேன், அண்ணே. போன ஆடியில சாவியக் குடுக்கையில ஏன் உங்க கை அம்புட்டு நடுங்குச்சு?"