பெயருக்குக் கீழே ஒரு வரி

அலுவலகத்தில் அவளைக் கப்பலக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவள்கூட இல்லை. வால்வு செய்யும் அந்தக் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொரு கன்டெய்னரும் பத்தொன்பது வருடமாக அவள் மேசையைத் தாண்டித்தான் போயிற்று. அதனால் வந்த பெயர்.

கம்பெனி லோகோவை மாற்றியபோது, எல்லோருடைய இமெயிலுக்கும் அடியில் வருகிற சிக்னேச்சரைப் புதிதாக அமைக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் நாற்காலியிலும் போய் உட்கார்ந்து, பழையதை அழித்து, லோகோவை ஒட்டி, பெயர், பதவி, தொலைபேசி, முகவரி என்று வரிசையாக அடிக்க வேண்டும். சிலர் கம்ப்யூட்டரில் லோகோ திரை முழுக்கப் பூதம் மாதிரி எழுந்து நின்றது. கணக்கர் தன் இரண்டு பட்டங்களையும் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பட்டம் போடக் கூடாதாம் சார். மேலிடத்து உத்தரவு."

"அப்ப நான் படிச்சது எதுக்கு?"

"அதை எங்கிட்ட கேட்டா?" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

யாருக்கு என்ன பதவி என்று நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தொன்றாவது வரிசைக்கு வந்தாள். அது அவள் பெயர். பக்கத்துக் கட்டத்தில் 'ஏற்றுமதி உதவியாளர்' என்றிருந்தது.

ஆறு வருடமாக அவள் பெயருக்குக் கீழே 'துணை மேலாளர், ஏற்றுமதி' என்று இருந்தது. யாரோ கட்டத்தை மாற்றி அடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து நிர்வாகப் பிரிவுக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்தவள் சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

"லிஸ்ட்ல என் பதவி தப்பா வந்திருக்கும்மா."

அந்தப் பெண் கோப்பை எடுத்துப் புரட்டினாள். நிதானமாகத்தான் புரட்டினாள். "உங்க ஃபைல்ல உதவியாளர்னுதான் இருக்கு அக்கா. பதவி உயர்வு லெட்டர் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"லெட்டர் இல்ல. பழைய மேனேஜர் வாயால சொன்னாரு. போட்டுக்கோம்மா, லெட்டர் பின்னாடியே வரும்னாரு."

"வந்துச்சா?"

வரவில்லை. முதல் வருடம் இரண்டு முறை கேட்டாள். அப்புறம், வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அந்தப் பதவியைச் சொல்லியே அவளுக்கு எழுத ஆரம்பித்ததும், கேட்பதை விட்டுவிட்டாள்.

"அவர்கிட்டயிருந்து ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. நான் மேல பேசிப் பாக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

மாடிப்படி வளைவில் நின்று பழைய மேலாளருக்கு ஃபோன் போட்டாள். ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருந்தார். நலம் விசாரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான் சார். உங்க ரூம்ல. பெரிய ஆர்டர் ஒண்ணு கேன்சலாகாம நான் பேசி முடிச்ச அன்னிக்கு."

"ஆர்டர் ஞாபகம் இருக்கு. இது ஞாபகம் இல்லையேம்மா. ரிட்டையர் ஆன மனுஷன், என்னை எதுக்கு இதுல இழுக்கறே? வேலை உங்கிட்டதானே இருக்கு. பேர்ல என்ன வந்துச்சு."

அவருக்கு ஞாபகம் இருந்தது. 'நானா' என்று கேட்ட வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "சரிங்க சார், உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்று பூராவும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. இல்லாத பதவியில் ஆறு வருடம் வெளியாருக்கு எழுதியிருக்கிறாள், நாளைக்கு வம்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று பொது மேலாளர் கேட்டாராம். அவள் எழுதிவந்த முப்பத்தாறு கம்பெனிகளுக்கும் ஒரு திருத்தக் கடிதம் போக வேண்டும் என்றார். வாசகத்தை நிர்வாகப் பிரிவே எழுதிக் கொடுத்தது: 'எனது பதவி தவறுதலாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. வருந்துகிறேன்.'

வீட்டில் சொன்னாள். கணவன் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அவளுக்குப் பதவி வந்த வாரமே, கேட்காமலே, தடித்த அட்டையில் இருநூறு விசிட்டிங் கார்டு அடித்துக் கொண்டுவந்தவன் அவன்.

"அப்ப அந்த கார்டெல்லாம்?" என்றான் முதலில்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்ல, எங்க அண்ணன்கிட்ட, கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் குடுத்து வச்சிருக்கேன். இப்ப போய் என்னன்னு சொல்றது? நீ வெளியில வாயைத் திறக்காத. அப்படியே இருக்கட்டும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் 'உனக்கு எப்படி இருக்கு' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் தன் சிக்னேச்சரைத் தானே திறந்து, 'துணை மேலாளர்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'உதவியாளர்' என்று அடித்தாள். முப்பத்தாறு கடிதங்களையும் அனுப்பினாள். ஒன்பது பேர் 'கிடைத்தது, நன்றி' என்று பதில் போட்டார்கள். துறைமுகத்து ஏஜென்ட் மட்டும் ஃபோனில் கூப்பிட்டார்.

"என்ன மேடம், உங்களைக் கீழ இறக்கிட்டாங்களா?"

"இறக்கல சார். ஏத்தவே இல்லையாம்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. ஒரு தாளில் எடை மாறியிருந்தது. துணை மேலாளரோ அதற்கு மேலே உள்ளவரோ திருத்தி ஒப்புதல் கொடுத்தால் வண்டி நகரும். எத்தனையோ தடவை அவளே பத்து நிமிடத்தில் முடித்த வேலை. இந்த முறை ஏஜென்டின் கடிதத்தை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் பொது மேலாளருக்குத் திருப்பிவிட்டாள். அவர் வெளியூரில் இருந்தார். திறந்து பார்க்கவில்லை. கப்பல் போய்விட்டது. நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு கையெழுத்து. அதைப் போடறதுக்கு உங்களுக்கு என்ன?"

"உதவியாளர் போடக் கூடாது சார்."

"இத்தனை நாள் போட்டீங்களே?"

"தவறுதலாப் போட்டேன். வருந்தறேன்னு எழுதியும் குடுத்துட்டேன்."

அவர் முகம் சிவந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே வந்தபோது ஜெயித்த மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் அவளிடம் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. துணை மேலாளர் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். அவள் விண்ணப்பம் போடவில்லை. பட்டப்படிப்பு வேண்டும் என்றிருந்தது, அவளிடம் அது இல்லை. அடுத்த மாதம் வெளியிலிருந்து ஒருவரைத் துணை மேலாளராக எடுத்தார்கள். முப்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். முதல் நாளே அவள் மேசைக்கு வந்து, "உங்ககிட்ட நிறையக் கத்துக்கணும் அக்கா" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம்.

அவருக்கும் சிக்னேச்சர் அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். லோகோவை ஒட்டினாள். பெயரை அடித்தாள், கீழே பதவியை அடித்தாள். தொலைபேசி என்ற இடத்தில் நிறுத்தி, "நம்பர் என்ன சார்?" என்றாள்.

அவர் தயங்கினார். "வெளியில எல்லாருக்கும் உங்க நம்பர்தானாம் தெரியும். அதையே இன்னிக்குக் காலையில என் மேசைக்கு மாத்திட்டாங்க. உங்களுக்கு வேற ஒண்ணு தருவாங்களாம். நான் கேக்கல அக்கா."

அவள் அந்த எண்ணை அடித்தாள். பார்க்காமலே விரல் போயிற்று.

"சரியா வந்திருக்கான்னு பாத்துக்குங்க சார்" என்று எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது பக்கத்து மேசையில் மணி அடித்தது. அந்த மணி நேற்று வரை அவளுடையது. அவர் எடுத்தார். துறைமுகத்து ஏஜென்டாக இருக்க வேண்டும்.

"ஆமாங்க, நான்தான் துணை மேலாளர், சொல்லுங்க" என்றார் அவர்.