தெற்கே போன மணல்

மன்னார்த் தீவில் அப்துல் ஹமீட் போட்ட செயற்கைப் புல் மைதானத்தின் மணல், போட்ட கிழமையே தெற்குப் பக்கம் போகத் தொடங்கியது. வாடைக் காற்று வடக்கிலிருந்து அடிக்கிற மாதமாக இருந்திருந்தால் எவரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அது சோளகக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசியது, பொலித்தீன் பைகள் பறந்துபோய் வடக்கு வேலியில் ஒட்டிக்கொண்டன, மணல் மட்டும் காற்றுக்கு எதிராகத் தெற்கே போனது. அவசரமில்லாமல், பொழுது கிடக்கிறது என்ற பாவனையில்தான் போனது. விடிந்து பார்த்தால் தெற்குக் கோல் கம்பத்தடியில் கணுக்காலளவு குவிந்திருக்கும். வடக்குப் பாதியில் பச்சை நார்கள் அடி தெரியப் படுத்துக் கிடக்கும். தெற்குக் கோலைக் காத்த றொட்னி என்ற இளைஞன், பந்துக்குப் பாய்வதற்கு முன்னர் முதலில் தன் காலை இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. தன் அணி தோற்றதற்கு அவன் அதையே காரணமாகச் சொன்னான். வடக்குக் கோலைக் காத்தவனுக்குச் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

செயற்கைப் புல்லை விற்றவர்கள் அதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். வெட்டத் தேவையில்லை, பசளை போடத் தேவையில்லை, கழுதை மேயாது. கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. தீவின் கழுதைகள் ஒருநாள் கூட்டமாக வந்து மணந்து பார்த்துவிட்டு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு திரும்பிப் போயின. மற்றபடி அந்தப் புல் கைக்குழந்தை மாதிரி ஆள் கேட்டது. பிளாஸ்டிக் நார் தானாக எழுந்து நிற்காது. நார்களுக்கு இடையில் கொட்டிய மணல்தான் அதை நிமிர்த்திப் பிடிக்கிறது, விரிப்பையும் அதுவே தரையோடு அழுத்தி வைக்கிறது. மணல் குறைந்த இடத்தில் நார் படுக்கும், படுத்த நார் வெயிலில் பொரியும், விரிப்பு சுருக்கம் விழும், சுருக்கத்தில் ஆள் தடக்கி விழுவான். இதையெல்லாம் பார்த்துக்கொள்வதற்கு லோறன்ஸ் என்பவரை ஹமீட் வேலைக்கு வைத்திருந்தார். கடற்தொழிலை விட்டுவிட்டு வந்த லோறன்ஸ், லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பின்னால் அகலமான தும்புப் பிரஷ் ஒன்றைக் கட்டி, தினமும் காலையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டு வந்தார். மணல் தினமும் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிப் போனது. இருவருக்கும் இடையில் கோபதாபம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மணல் வந்த கதையையும் சொல்ல வேண்டும். நாட்டில் டொலர் இல்லாமற்போன வருடம் அது. புல் விரிப்பு முன்னரே வந்து சேர்ந்துவிட்டது; அதற்குள் போட வேண்டிய கழுவிய வெளிநாட்டு மணல் வரவில்லை, எப்போது வரும் என்று சொல்லவும் ஆள் இல்லை. பையன்கள் வேலிக்கு வெளியே காலில் சப்பாத்தோடு காத்திருந்தார்கள். அப்போதுதான் ஹமீட், தீவுக்குத் தெற்கே சிலாவத்துறையில் கடலோரமாகக் கிடந்த ஒரு வீட்டு வளவிலிருந்து டிப்பர் டிப்பராக மணல் அள்ளிவந்தார். கடல் மணலில் உப்பிருக்கும், சிப்பித் துண்டு நாரை அறுக்கும் என்று லோறன்ஸ் சொல்லிப் பார்த்தார். சொந்த மண் தனக்குத் துரோகம் செய்யாது என்பது ஹமீடின் பதில். ஆனால் அது அவருடைய சொந்த மண்ணும் இல்லை. மனைவி றஹீமாவின் வாப்பா அவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வளவு அது. யுத்தத்துக்குள் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன அந்த இரண்டு பேரும் அங்கிருந்துதான் புறப்பட்டார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலிலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருபது வருடம் இருந்தார்கள். யுத்தம் முடிந்து ஊர்ச்சனம் சிலாவத்துறைக்குத் திரும்பியபோது ஹமீட் மன்னார் டவுனில் ஹாட்வெயார் கடை போட்டு அதோடு நின்றுவிட்டார். றஹீமா ஊருக்குப் போவோம் என்று கேட்கும்போதெல்லாம், மழை முடியட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்பார். ஒரே ஒரு முறைதான் அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே சுவர் நின்ற இடத்தில் பற்றைக்காடு நின்றது. தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. அந்தப் பற்றைக்குள் நின்று அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து, வளவெல்லாம் பாம்பு என்று சொன்னார். மணலை அள்ளிவிட்டால் ஊருக்குப் போகிற பேச்சும் நின்றுவிடும் என்று அவர் உள்ளுக்குள் நினைத்ததும் உண்மை. மணல் அள்ளிய இடத்தில் வளவில் ஆழமாக ஒரு கிடங்கு விழுந்தது. அதில் உப்புத் தண்ணீர் நின்றது.

மணலை நிறுத்துவதற்குச் செய்யாத வேலை இல்லை. குறுக்கே பலகை அடித்தார்கள். மணல் பலகையடியில் சிறிது நேரம் நின்று யோசித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனது. மீன் வலையைப் பரப்பிப் பார்த்தார்கள். ஆற்று மணலைக் கலந்தார்கள். ஆற்று மணல் போட்ட இடத்தில் இருந்தது, வளவு மணல் அதற்குள்ளால் நழுவித் தன் வழியில் போனது. பள்ளிவாசலிலிருந்து வந்து ஓதிப் பார்த்தார்கள். லோறன்ஸ் தன் பங்குக்கு மாதா கோவிலிலிருந்து ஆசீர்வதித்த தண்ணீர் கொண்டுவந்து நாலு மூலையிலும் தெளித்தார். மணல் இரண்டையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு தெற்கே போனது.

றஹீமா அந்த மைதானத்துக்கு வந்ததே கிடையாது. ஒருநாள் ஹமீட் மறந்துவிட்டுப் போன மருந்தைக் கொடுப்பதற்காக வந்தார். புல்லில் செருப்போடு நடக்கக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததால் செருப்பைக் கழற்றினார். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார்.

"இது எங்கட வளவு மண்," என்றார்.

"மண்ணில பேரா எழுதிக் கிடக்கு?" என்றார் ஹமீட்.

"எழுதத் தேவையில்ல. கால் சொல்லுது."

றஹீமா மருந்தைக் கணவரின் கையில் வைத்தார். தெற்குக் கோலுக்குப் போய், குவிந்து கிடந்த மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதோடு பேசத் தொடங்கினார். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட செய்திகளைத்தான் சொன்னார். யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள், யாருடைய வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது, எந்தக் கிணறு இன்னும் நல்ல தண்ணீர், பக்கத்து வளவு றம்லாவின் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள். அடுத்த நாள் காலை லோறன்ஸ் பிரஷைக் கட்டிக்கொண்டு வந்தபோது, முதல்நாள் அவர் பரப்பிவிட்டிருந்த மணல் பரப்பிய இடத்திலேயே இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு நேரே ஹமீடின் வீட்டுக்குப் போனார்.

"றாத்தா, பின்னேரத்தில ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போங்கோ. எனக்கு இடுப்பு முறியுது," என்று கேட்டார்.

அப்படித்தான் மைதானப் பராமரிப்பில் றஹீமா சேர்ந்தார். காலையில் லோறன்ஸ் நாரை நிமிர்த்துவார், விலகிய பொருத்துக்குப் பசை வைப்பார், நாரில் ஒட்டிய சுவிங்கத்தை ஐஸ்கட்டி வைத்துச் சுரண்டி எடுப்பார்; மத்தியானம் விரிப்பு கொதிக்கும்போது தண்ணீர் தெளிப்பார்; அஸர் தொழுகை முடிய றஹீமா வந்து மணலுக்கு ஊர்ச்செய்தி சொல்வார். முருங்கனிலிருந்தும் இலுப்பைக்கடவையிலிருந்தும் அணிகள் வந்து விளையாடின. இந்த மாகாணத்தில் இப்படி ஒரு சமமான தரை இல்லை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஹமீட் அந்தப் புகழ்ச்சியைத் தலையாட்டி வாங்கிக்கொண்டார். தெற்குக் கோலடியில் முக்காட்டோடு ஒரு பெண் உட்கார்ந்து தரையோடு கதைப்பதை ஆட்டக்காரர்கள் கொஞ்ச நாளில் கவனிப்பதையே விட்டுவிட்டார்கள். பந்து அந்தப் பக்கம் போனால், "றாத்தா, கொஞ்சம் அங்கால," என்பார்கள். அவரும் பேச்சை நிறுத்தாமல் அங்கால நகர்ந்து இருப்பார். ஊரைப் பற்றி யாரிடமாவது வாய்விட்டுப் பேசுவதற்கு இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே ஆள் அந்த மணல்தான். வாப்பா கரைவலை உலர்த்திய இடம், நோன்பு நாளில் உம்மா கஞ்சி காய்ச்சிய அடுப்பு, கடலிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவுகிற கல் என்று அவர் சொல்லச் சொல்ல அது அசையாமல் கேட்டது. மணலோடு பேசிக் கழிந்த அந்த இரண்டு வருடங்களும் சந்தோசமான வருடங்கள் என்றே அவர் பிற்பாடு சொன்னார்.

செய்தி தீர்ந்துபோனதுதான் பிரச்சினை. திரும்பி வருகிற ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், றம்லாவின் மகளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. ஒரு மாரிகாலப் பின்னேரம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் றஹீமா இருந்தார். மணல் அவருடைய காலடியில் மெல்ல நகரத் தொடங்கியது. அவர் அதைக் கையால் தடவி, "பொறு. மழை முடியட்டும். அடுத்த வருசம் பார்ப்பம்," என்றார்.

மணல் நின்றது. றஹீமாவின் கையும் நின்றது. அவர் அப்படியே வெகுநேரம் இருந்ததைக் கண்டு லோறன்ஸ் தண்ணீர்க் குழாயை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன றாத்தா, சுகமில்லையோ?"

"அவர் எனக்குச் சொல்லுறதைத்தானே தம்பி நான் இதுக்குச் சொல்லிப்போட்டன்," என்றார் றஹீமா. "அதுவும் நம்பிப்போட்டுது."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அவர் கணவரிடம் சொன்னார்: "இனி நான் அதுக்கு ஒண்டும் சொல்ல மாட்டன். தெற்குப் படலையைத் திறந்து விடப் போறன்."

"அப்ப மைதானம்?"

"போற மண் போகட்டும்."

ஹமீட் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். "நீ?" என்று கேட்டார்.

"நானும்தான்."

அவர் மறிக்கவில்லை. மறிப்பதற்கு ஒரு சொல்லைத் தேடினார். வாயில் வந்ததெல்லாம் அடுத்த வருடம் என்பதுதான். அதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் படலை திறந்தது. மணல் நார்களை விட்டு எழும்பி, ஒரு பாயைச் சுருட்டி எடுப்பது போல ஒழுங்காக வெளியேறி, டவுன் வழியாகப் பாலத்துக்குப் போனது. பின்னால் லோறன்ஸ் லாண்ட்மாஸ்டரை அதன் நடைக்கு ஏற்ப ஓட்டினார். அதில் கொழுவிய பெட்டியில் றஹீமா ஒரு பயணப் பையும் ஒரு விளக்குமாறும் வைத்துக்கொண்டு இருந்தார். பஸ்களுக்கு வழிவிட்டு மணல் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓரமாகப் போனது. பாலத்தடியில் நின்ற பொலிஸ்காரர் மணல் கொண்டுபோகிற அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டார். தாங்கள் கொண்டுபோகவில்லை, அதுவாகப் போகிறது என்று லோறன்ஸ் விளக்கினார். பொலிஸ்காரர் லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பிடி மணல்கூட இல்லை. தானாகப் போகிற மணலுக்குச் சட்டத்தில் இடம் எங்கே என்று அவருக்குத் தெரியாததால் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். வங்காலையில் பொழுதுபட்டது. அங்கே லோறன்ஸின் தமக்கை லூசியா வீட்டில் றஹீமா தங்கினார். மீன் கறி என்றபடியால் ஹலாலா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மணல் வேலியோரமாகக் கிடந்து, விடிந்ததும் அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் புறப்பட்டது. மறுநாள் பின்னேரம் சிலாவத்துறை வளவில் கிடங்கு நிரம்பி, தரை மட்டமாகி, உப்புத் தண்ணீர் ஒதுங்கிக் கடலுக்குப் போய்விட்டது. றஹீமா இறங்கி அதைக் கூட்டினார்.

மைதானம் தோல் உரித்த மாடு மாதிரிக் கிடந்தது. கொஞ்ச மாதத்தில் வெளிநாட்டு மணல் வந்து சேர்ந்தது, ஒரே அளவான மணிகள், வெள்ளை வெளேரென்று. லோறன்ஸ் அதைப் பரப்பி, பிரஷால் இறக்கி, ஒரு கிழமை பார்த்தார். அது எந்தப் பக்கமும் போகவில்லை. இத்தனை தடவை கழுவிச் சூடாக்கியதில் அதற்கு ஊர் மறந்துபோயிருக்கும் என்று சொன்னார், அதன்மேல் கொஞ்சம் இரக்கமும் பட்டார். வேலை சுகமாகிவிட்டது. ஆட்டங்கள் தொடங்கின. ஹமீட் தன்னுடைய கதிரையில் உட்கார்ந்து பார்த்தார், வீட்டுக்குப் போய் வெளிச்சம் போடாமல் இருந்தார். கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு அதே கோப்பையில் திரும்பத் தேத்தண்ணி குடித்தார். றஹீமா இல்லாத வீடு அவருக்குப் புத்தளத்துக் கொட்டிலைவிட அந்நியமாக இருந்தது. ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினார்.

றஹீமா வளவின் மூலையில் தகரக் கொட்டில் போட்டிருந்தார். ஹமீட் றோட்டோரத்தில் நின்றபடியே பார்த்தார்.

"பாம்பு இல்லையோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல. செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர் கழற்றினார். அன்றைக்குப் பற்றைக்குள்ளும் பிறகு தன் மைதானத்திலும் சப்பாத்தோடுதான் எப்போதும் நடந்தவர். அந்த மணல் அவருடைய பாதத்தில் பட்டது தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான். நழுவும், விலகும் என்று பயந்து பயந்து காலை வைத்தார். அது அப்படியே கிடந்து அவரைத் தாங்கியது. வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று அவர் கேட்க, நீங்கள் நிற்கிற இடந்தான் வாசல் என்றார் றஹீமா. ஹமீட் அங்கேயே உட்கார்ந்து, பற்றைக்குள் நின்று அழுத அழுகையின் மீதியை அழுதார். றஹீமா தேத்தண்ணி ஊற்றப் போனார்.

இப்போது அங்கே கல்வீடு எழும்பியிருக்கிறது. வாடை தொடங்கி ஊர் மணலெல்லாம் பறந்து வாசல்களை மூடுகிற மாதங்களிலும் அந்த ஒரு வளவில் மட்டும் ஒரு மணி அசைவதில்லை. அதனால் றம்லாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கருவாட்டை மணல் படாமல் காயவைக்க அங்கேதான் கொண்டுவருகிறார்கள். மணம் தாங்க முடியவில்லை என்று ஹமீட் முறைப்பாடு சொல்கிறார். மைதானத்துக்குப் போகிற நாட்களில் ஆட்டம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அவர் பாதியில் எழும்பிச் சிலாவத்துறைக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்.