சாமான் அறையில் ஒருவன்

போர்வை எடுக்கச் சாமான் அறைக் கதவைத் தள்ளிய பெரியவளுக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கறிக்கடைக்காரர் மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி ஒரு மணி நேரமாகிறது. உறவுக்காரர்கள் பாதிப் பேர் வந்தாயிற்று. இந்த வீட்டுக்குப் பின்வாசல் வேறு கிடையாது.

பின்னாலேயே ஓடிவந்த தங்கை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அம்மாவும் அக்காவும் மருந்துக்கடைக்குக் கிளம்பியதும் அவன் வந்தானாம். பசிக்கிறது என்றானாம். அப்பாதான் தூங்குகிறாரே என்று அவனை உட்காரவைத்துவிட்டு இவள் ரொட்டி வாங்கப் போனாளாம். தெருமுனையில் அம்மாவையும் அக்காவையும் பார்த்து மூவரும் சேர்ந்து வீடு திரும்பிய சத்தம் கேட்டு அவன் இங்கே புகுந்துகொண்டானாம்.

"பதினாறு வயசுல காதலிக்க உனக்கு வேற நாளே கெடைக்கலியா?" என்றாள் பெரியவள்.

அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். செய்தித்தாளைக்கூட மூலை பிசகாமல் மடிப்பார். பக்கத்து வீட்டில் ஒன்பது பேர், ஒருவருக்கும் மெல்லப் பேசத் தெரியாது. சாக்கடையில் ரத்தத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அப்பா மனு எழுதிய நாளிலிருந்து ஏழு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விஷயம் தெரிந்தால் அம்மா தங்கையைச் சித்தி வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவாள். பள்ளிப் படிப்பும் அதோடு போச்சு.

கூடத்தில் அம்மா ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "வாய் நனைக்கக்கூட ஆளில்லாம போயிட்டாரே."

"தண்ணி நான் குடுத்தேங்கா," என்றான் பையன், தரையைப் பார்த்தபடி.

"அத வெளிய சொல்லித் தொலைக்காத."

சொன்ன பிறகு பெரியவளுக்கே அவமானமாக இருந்தது. ஆனாலும் நான்கு மடக்கு நாற்காலிகளை அவன் கையில் திணித்தாள். ஒத்தாசைக்கு வந்தவன் மாதிரி நேரே வாசலுக்குப் போகச் சொன்னாள்.

பாதிக் கூடம் தாண்டியவன் நின்றான். சொன்ன பேச்சைக் கேட்கிற வம்சமா அது? நாற்காலிகளை இறக்கிவைத்தான்.

"அவரு தனியா இல்லீங்கம்மா. நான் இருந்தேன். தண்ணி கேட்டாரு, குடுத்தேன்."

தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா எழுந்து அவனை அறையப்போகிறாள் என்று பெரியவள் குறுக்கே வந்தாள்.

"குடிச்சாரா?" என்றாள் அம்மா.

"ரெண்டு வாய். அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. தூங்குறாருன்னுதான் நெனச்சேன்."

"எந்தக் கை?"

அவன் வலது கையை நீட்டினான். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.